தெரியாது என்று சொன்னேன்

நடிகை எஸ்.என். லட்சுமி காலமான செய்தியில் நான் வெட்டி எடுத்தது ஒரே ஒரு பத்திதான். 2012 பிப்ரவரி 20. பக்கம் முடிகிற நேரத்தில் நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது. மூன்று பத்தியை இரண்டாக்க வேண்டும். எதை எடுக்க என்று போனில் கேட்டேன். "நீங்களே பாத்துக்கோங்க" என்றார்கள்.

'சர்வர் சுந்தரம்' நாகேஷின் அம்மா, 'மைக்கேல் மதன காமராஜன்' திருட்டுப் பாட்டி, 'சரவணன் மீனாட்சி' தொடரின் பாட்டி. முகம் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் பலருக்குத் தெரியாது. அதனால் இவை கட்டாயம் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கலைவாணர் என்.எஸ்.கே. நாடகக் குழுவில் நடித்தவர் என்ற பத்தி போயிற்று. அதுவும் கலைவாணரின் சொந்த ஊரான நாகர்கோவிலுக்குப் போகும் பக்கத்தில்.

மறுநாள் ஒழுகினசேரியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அந்தக் காலத்தில் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். பேப்பரை மேஜையில் விரித்தார்.

"மக்களே, இந்தம்மா நம்ம கலைவாணர் கம்பெனியில இருந்தவங்களாக்கும். உனக்குத் தெரியாதா?"

"தெரியாது பாட்டா."

யோசிக்காமல் வந்த பதில். தெரிந்தே எடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இடமில்லை என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் கால் பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம் அவர் கண்முன்னால் விரிந்து கிடந்தது.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து சொன்னார். பாதி எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று: "அம்மா வேஷம் ஒரு தடவை நல்லா கட்டிட்டா அவ்வளவுதான் மக்களே. அப்புறம் வயசு என்னன்னு எவனும் கேக்க மாட்டான்."

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். லட்சுமி பிறந்தது 1927. நாகேஷ் 1933. 1964இல் அவருக்கு அம்மாவாக நடித்தபோது மகனைவிட ஆறு வயதுதான் மூத்தவர். அந்த முகத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன், ஒருமுறைகூடத் தோன்றவில்லை. முதல் நாளே தோன்றியிருந்தால் செய்தியை அந்த வரியில்தான் தொடங்கியிருப்பேன். அப்படியானால் நான் பொய் சொன்னதால்தானே இது கிடைத்தது? தெரியும் என்றிருந்தால் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். இப்படிச் சொல்லிக்கொண்டால் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும். ஆனால் எடுத்தது நான்தான் என்று சொல்லியிருந்தாலும் அவர் உட்கார்ந்திருப்பார், இன்னும் கூடுதலாகவே சொல்லியிருப்பார் என்றுதான் அடுத்துத் தோன்றும்.

கிளம்பும்போது தோளில் தட்டினார். "தெரியாம விட்டதுல தப்பில்ல மக்களே. இனி போடும்போ சேத்துக்கோ."

வேலைக்குப் போகும்போது தினமும் கலைவாணரின் வீடான மதுரபவனத்தைத் தாண்டித்தான் போவேன். பெரியவர் வீடும் அந்தப் பக்கம்தான் என்று சொல்லியிருந்தார். ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தவில்லை.