சாலிப்புழாவில் இறங்கும் முன்

கோவையில் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் கயாக் (துடுப்பால் ஓட்டும் சிறு படகு) ஓட்ட நல்ல வெள்ளாறு, அதாவது பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் ஆறு, வேண்டுமென்றால், பாலக்காடு, பெரிந்தல்மண்ணை, அரீக்கோடு, முக்கம் வழியாகக் கோடஞ்சேரிக்குப் போவதுதான் வழி. கூரையில் படகுகளைக் கட்டிக்கொண்டு மழையில் ஓட்டினால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. கோழிக்கோடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் இது. துஷாரகிரி அருவிகளைத் தாண்டிவரும் சாலிப்புழா, செம்புக்கடவு வழியாகப் புலிக்கயத்துக்கு வருகிறது. 2013-இல் தொடங்கிய மலபார் நதித் திருவிழா இங்கேதான் நடக்கும். சாலிப்புழாவில் புலிக்கயமும், இருவஞ்சிப்புழாவில் இலந்துக்கடவும் போட்டிக் களங்கள். வெளிநாட்டு வீரர்கள் பாறைகளுக்கு நடுவே பாய்ந்து போவதைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அடுத்த வாரமே தானும் இறங்க வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த ஆசையோடு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். எல்லோரும் முன்பே வெள்ளாற்றில் ஓட்டியவர்கள், கவிழ்ந்தால் படகுக்குள் இருந்தபடியே நிமிரத் தெரிந்தவர்கள். இந்த மாதிரி ஓடையில் மூன்று பேருக்குக் குறைவாக இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் மாட்டிக்கொண்டால், ஒருவர் கயிறு பிடிக்க வேண்டும், ஒருவர் உதவிக்கு ஓட வேண்டும்.

பயணத் திட்டத்தில் பாதி நேரம் மழைக்கே போனது. இந்த வட்டாரத்து ஆறுகள் இறங்கிவரும் வெள்ளரிமலைப் பக்கம் 2,339 மீட்டர் உயரமுள்ள வாவுல்மலை நிற்கிறது. அங்கே பெய்யும் மழை கொஞ்ச தூரத்திலேயே அடிவாரத்துக்கு வந்துவிடும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைவெள்ளம் வரலாம். 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு நடந்தது இதே மலைத்தொடரின் மறுபக்கத்தில்தான். அந்த வெள்ளம் போய்ச் சேர்ந்த சாலியாற்றில்தான் சாலிப்புழாவும் இருவஞ்சிப்புழா வழியாகக் கடைசியில் கலக்கிறது. இந்த மலையின் மழையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அதனால் கிளம்புவதற்கு முன்பே ஒரு முடிவை எழுதி வைத்தோம். வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள் எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை மழை. ஆரஞ்சு என்றால் 204.4 வரை. சிவப்பு அதற்கும் மேல். ஆரஞ்சு வந்தால் படகை வண்டியிலிருந்து இறக்குவதே இல்லை, மஞ்சள் என்றால் ஆற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது. இதை வீட்டில், காய்ந்த சட்டையோடு உட்கார்ந்து முடிவு செய்வதுதான் நல்லது. ஆற்றங்கரையில் துடுப்பைக் கையில் பிடித்த பிறகு யாருக்கும் 'வேண்டாம்' என்று சொல்ல மனசு வராது.

போன அன்று மாலை முழுவதும் கரையில் நடந்தோம். செம்புக்கடவில் சிறு நீர்மின் திட்டங்கள் இருக்கின்றன, ஆற்றின் குறுக்கே தடுப்பணையும் உண்டு. தடுப்பணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அருவியைப் பார்த்தால் பயம் வரும், தடுப்பணையைப் பார்த்தால் வராது. மேலிருந்து பார்க்க நேர்கோடாக, அமைதியாகத் தெரியும். ஆனால் கீழே விழும் தண்ணீர் முழு அகலத்துக்கும் ஒரே சீராகத் திரும்பி அணையை நோக்கிச் சுழலும். இயற்கையான பாறைப் படியில் எங்காவது ஓர் ஓரத்தில் வெளியேற வழி இருக்கும், இதில் இருக்காது. லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். எனவே நாங்கள் அணைக்குக் கீழிருந்துதான் தொடங்கினோம்.

கரையோரப் பாக்குத் தோப்பில் வேலையாக இருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். தமிழும் மலையாளமுமாகப் பேச்சு ஓடியது.

"சேட்டா, தண்ணீர் எவ்வளவு வந்தால் இறங்கக் கூடாது?"

அவர் பாலத்தின் நடுத்தூணைக் காட்டினார். பாசி பச்சையாகப் படிந்த இடத்துக்கு மேலே சிமென்ட் வெளுத்துத் தெரியும் கோடு. "அந்தப் பச்சை மூடிவிட்டால் நாங்கள் குளிக்கக்கூட இறங்க மாட்டோம், மோனே. தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் கோடு எங்கே இருந்தாலும் கரையேறிவிட வேண்டும்."

எங்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைத்திருக்காது. அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே எங்கள் எல்லை என்று வைத்துக்கொண்டோம். துஷாரகிரிப் பக்கம் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவரின் எண்ணையும் அவரே கொடுத்தார், மேலே மழை எப்படி என்று காலையில் கேட்டுக்கொள்ள.

அதே நடையில்தான் அந்த மரத்தையும் பார்த்தோம். ஆறு வளைந்து இரண்டாகப் பிரியும் இடத்தில், இடது கால்வாயின் குறுக்கே வேரோடு சாய்ந்து கிடந்தது. கிளைகளில் தேங்காய் மட்டையும் பிளாஸ்டிக் கவர்களும் சிக்கி, தண்ணீர் மட்டும் சலித்துக்கொண்டு போனது. மேலிருந்து வரும் படகுக்கு வளைவு தாண்டும்வரை மரம் தெரியாது. ஓட்டம் தானாக இழுப்பதும் இடது பக்கம்தான். தண்ணீர் நுழையும், ஆள் நுழைய முடியாது, ஓட்டத்தின் அழுத்தம் அப்படியே பிடித்துவைத்துவிடும். ஓடைகளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். வளைவுக்கு முன்பே வலது கரையில் ஒதுங்கி, படகைத் தோளில் தூக்கி நடப்பது என்று அப்போதே தீர்மானித்தோம். ஒதுங்க வேண்டிய பாறைக்கு மேலே ஒரு கிளையில் சிவப்புத் துணியும் கட்டினோம்.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. ஹெல்மெட், இறுக்கமான லைஃப் ஜாக்கெட், ஆளுக்கொரு விசில், கணுக்காலை மூடும் ஷூ. ஆளுக்கொரு த்ரோ பேக், அதாவது பைக்குள் அடுக்கிய மிதக்கும் கயிறு, 20 மீட்டர். உடம்பில் கயிற்றைச் சுற்றக் கூடாது, கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இங்கே எலிக்காய்ச்சல் உண்டு, காலில் புண்ணோடு இறங்க வேண்டாம். போவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மறுநாள் காலை தூணில் பாசி நன்றாகவே தெரிந்தது. மேலே இரவு தூறல் மட்டும்தான் என்று விடுதிக்காரர் சொன்னார். இறங்கினோம். முதலில் போகிறவர் பாறைக்குப் பின்னால் ஓட்டம் அடங்கி நிற்கும் இடத்தில் ஒதுங்கி, கீழே பார்த்துத் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் வரலாம், கிடையாகப் பிடித்தால் நில். கண்ணுக்குத் தெரியாத எதற்குள்ளும் போவதில்லை. மெதுவான பயணம்தான், ஆனால் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவித் தாவி ஆற்றைப் படித்துக்கொண்டு போவதில் இருக்கும் சுகம் எனக்கு வேறெதிலும் கிடைப்பதில்லை.

ஆறு பாறையில் விழுந்து இறங்கும் இரண்டாவது படியில் நண்பர் ஒருவர் கவிழ்ந்தார். நிமிர முயன்றார், சுழி விடவில்லை, படகிலிருந்து வெளியே வந்துவிட்டார். கரையில் கயிறோடு ஆள் முன்பே நின்றிருந்ததால் ஒரே வீச்சில் கயிறு தோளுக்குமேல் போய் விழுந்தது. நண்பர் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து, கால்களை முன்னால் மேலே வைத்துக்கொண்டு வந்தார். முழங்கால் அளவுத் தண்ணீராக இருந்தாலும் ஓட்டத்தில் நிற்கக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும்.

சிவப்புத் துணி இருந்த இடத்தில் ஒதுங்கி மரத்தைச் சுற்றி நடந்தோம். அடுத்த படியைப் பார்க்கப் போகும் முன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போனேன், அது எப்போதும் செய்வது. திரும்பி வந்தபோது குச்சி நான்கு விரல் அளவு தண்ணீருக்குள் இருந்தது. பச்சையாக இருந்த ஆறு தேநீர் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது, சருகுகளும் வந்தன. எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். யாரும் வாதாடவில்லை. படகுகளைத் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டம் வழியாக, முந்தைய நாள் பார்த்து வைத்திருந்த ஒற்றையடிப் பாதையில் சாலைக்கு ஏறினோம்.

புலிக்கயம் பாலத்துக்கு வண்டியில் போய்ச் சேர்ந்தபோது ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கீழ்ப் பகுதியில் மூன்று படிகள் பாக்கி. மழை தணிந்து தண்ணீர் தெளியும் செப்டம்பரில் அவற்றை ஓட்டலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்குள் அந்த மரத்தை ஆறு வேறெங்காவது கொண்டுபோய்ப் போட்டிருக்கும் என்பதால், மறுபடி கரையில் நடந்து பார்க்க ஒரு மாலைப் பொழுதையும் சேர்த்தே விடுப்புக் கேட்டிருக்கிறேன்.