குசினிச் சுவருக்கு டைல் வெட்டும்போது

டைல் வெட்டவேண்டும் என்றதும் நம் ஆட்கள் முதலில் இரவல் கேட்பது, கரன்டில் பிளேட் சுழலும் கை கிரைண்டரைத்தான். நேர்வெட்டுக்கு அது தேவையே இல்லை. சத்தமும் புழுதியும்தான் மிச்சம், ஓரமும் சிதறிப்போகும். குசினிச் சுவரில் ஒட்டும் சாதாரண செரமிக் டைலுக்குக் கைக்கட்டர் போதும். கரன்ட் இல்லாத நாளிலும் வேலை நிற்காது.

கையில் இருப்பது எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். டைலைத் திருப்பி, முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் செரமிக். அப்படியே நின்றால் போர்சலின். அது உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்தைத் தாண்டாது, அவ்வளவு இறுக்கம். பெரிய போர்சலின் டைலைச் சின்னக் கட்டரில் வைத்து மல்லுக்கட்ட வேண்டாம், கடையிலேயே வெட்டி வாங்கிவிடலாம்.

கட்டரில் வெட்டு என்பது உண்மையில் அதன் சில்லால், அதாவது சின்ன வெட்டுச் சக்கரத்தால், கீறி, அழுத்தும் காலால் உடைப்பதுதான். பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும். கட்டர் மேடையில் ஒரு மணல் பருக்கை கிடந்தாலும் டைல் அந்த இடத்தில் விரிசல் விடும், அதனால் ஒவ்வொரு தடவையும் துடையுங்கள். டைலின் முகத்தையும் துடையுங்கள். விறாந்தையில் அடுக்கி வைத்த டைலில் பனி ஈரம் படிந்திருந்தால் சில்லு வழுக்கும். ஓரத்திலிருந்து ஓரம் வரை, ஒரே அழுத்தத்தில், ஒரே ஒரு கீறல். சத்தம் விட்டு விட்டு வராமல் ‘கிர்ர்’ என்று தொடர்ந்து வரவேண்டும். மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். கோடு புள்ளி புள்ளியாக விழுந்தால் சில்லு மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். சரியாக விழவில்லையே என்று அதே கோட்டில் இரண்டாம் தடவை ஓட்டுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. பக்கத்தில் இன்னொரு வெடிப்பு கிளம்பும், உடைப்பு எந்த வழியில் போவது என்று தெரியாமல் வளைந்துவிடும். கடைசி ஒரு அங்குலம் மட்டும் கோணலாக உடைகிறதா? கீறல் அந்த ஓரத்தைத் தொடவில்லை.

2 சென்டிமீட்டருக்குக் குறைந்த கீற்றைக் கட்டரால் உடைப்பது கஷ்டம். அழுத்தும் கால் நிற்க இடமிருக்காது. அப்படிக் கீற்று வராதபடி முன்பே கணக்குப் போடுவதுதான் புத்தி. சுவர் 6 அடி 3 அங்குலம், டைல் 12 அங்குலம் என்று வைப்போம். ஒரு மூலையில் தொடங்கினால் ஆறு முழு டைலும் 3 அங்குலத் துண்டும் வரும், பார்க்கவே நொண்டி. நடுவிலிருந்து தொடங்கினால் ஐந்து முழு டைல், இரு பக்கமும் ஏழரை அங்குலம். டைல்களுக்கு நடுவே விடும் இடைவெளிகளுக்கான மில்லிமீட்டரைத் துண்டுகளில் கழித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பழைய லயன் காம்பராக்களின் (வரிசை வீடுகளின்) கருங்கல் சுவர் மூலைமட்டத்துக்கு நிற்பது அபூர்வம். ஒரு அளவை வைத்து முழு வரிசையையும் வெட்டிவிட்டால் பாதி வீண். ஒவ்வொரு துண்டுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அளக்கவேண்டும். மூலை நேராக இருந்தால் டேப்பே வேண்டாம்: வெட்டப்போகும் டைலை, கடைசி முழு டைலின் மேல் கச்சிதமாக வையுங்கள். அதன் மேல் இன்னொரு டைலை வைத்துச் சுவரில் முட்டும்வரை தள்ளுங்கள். மேல் டைலின் ஓரத்தை ஒட்டி, அடியில் இருக்கும் டைலில் கோடு. மூடாத பகுதிதான் உங்களுக்கு வேண்டிய துண்டு. இடைவெளிக்காக 2 மில்லிமீட்டரும் சுவர்ப்பக்கம் கொஞ்சமும் கழியுங்கள். வெட்டிய ஓரம் மூலைக்குள் போகட்டும்.

சுவிட்ச் பெட்டியைச் சுற்றி வரும் எல் வெட்டுக்குத்தான் கிரைண்டர். 4 அங்குல டயமண்ட் பிளேட், விளிம்பு வெட்டில்லாமல் தொடர்ச்சியாக இருக்கும் ரகம். இடைவெளி விட்ட பிளேட் கொங்கிரீட்டுக்கு. முதலில் உள்மூலையில் 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள், டிரில்லில் சுத்தியல் முறையை நிறுத்திவிட்டு. கூரான மூலையில் அழுத்தம் குவிந்து அங்கிருந்துதான் டைல் வெடிக்கும், வட்டத் துளை அதைத் தடுக்கும். பிறகு கோட்டின் மேல் ஆழமில்லாத ஒரு காடி (பள்ளம்), அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம். பிளேட் மூடியைக் கழற்றாதீர்கள். சாதாரண கிரைண்டரில் தண்ணீர் ஊற்றி வெட்டுவது கரன்டை வலியக் கூப்பிடுவது.

குளிருக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே வெட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் புழுதியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலைக் கெடுத்துவிடும். வெளியே போய் வெட்டுங்கள், என்95 முகக்கவசத்தோடு. முகத்தில் கட்டும் துண்டு அந்த நுண்துகளைத் தடுக்காது.

குழாய்த் துளை சுலபம். அரை அங்குல ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாயின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் டயமண்ட் பிட் போதும். சாய்த்துப் பிடித்துத் தொடங்கி, பிடித்துக்கொண்டதும் நிமிர்த்துங்கள். ஈர ஸ்பொஞ்சால் நனைத்துக்கொண்டே இருங்கள்.

நனைந்த துண்டு நன்றாகக் காய்ந்தபிறகே ஒட்டவேண்டும். நுவரெலியா பக்கம் குளிர்காலத்தில் டைல் பசை இறுக நேரம் எடுக்கும். பையில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் இரண்டு நாள் விட்டு, இடைவெளிகளை அடைக்கும் கிரவுட் போடுங்கள்.