21 நாளுக்குள்

பம்பஸைக் கழற்றியபோது சளியோடு நூல் மாதிரி இரத்தம். பிறந்து 12 நாளான ஆண் பிள்ளை. வயிறு மத்தளம்போல வீங்கித் தோல் மினுங்கியது. "இரவு முழுக்கப் பச்சையாச் சத்தி எடுத்தவன், மிஸ்ஸி" என்று தாதியான என்னிடம் சொன்னார் தாய்.

குடல் அழற்சி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பாலை நிறுத்தி, சேலைன் ஏற்றி, அன்டிபயோட்டிக் கொடுத்தோம். வீக்கம் வற்றியது. பாலைத் தொடங்கினால் திரும்பவும் வீங்கும். கடைசியில், பிறந்து ஆறாவது கிழமையில் சத்திரசிகிச்சை செய்து, சுருங்கிப்போன குடல் துண்டை வெட்டி எடுத்தார்கள். அதை நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகுதான் விடை கிடைத்தது: சைட்டோமெகலோ வைரஸ். அது புகுந்த கலம் பெருத்து, நடுவில் கரிய வட்டமும் சுற்றிவர வெளிறிய வளையமுமாக ஆந்தைக் கண்போல இருக்கும். டொக்டர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

நிறைமாதத்தில் பிறந்தும் பிள்ளைக்கு எடை குறைவு. இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டும் குறைவு. இரண்டையும் நான்தான் எழுதி வைத்திருந்தேன். சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வயிற்றிலேயே தொற்றியதென்று உறுதிப்படுத்த, பிறந்து 21 நாளுக்குள் எடுத்த சலத்திலோ உமிழ்நீரிலோ வைரஸ் இருக்க வேண்டும். பிந்தினால், பிறந்த பிறகு தாய்ப்பாலால் வந்ததோ என்ற சந்தேகம் தீராது.

அந்தச் சந்தேகம் தாயைத்தான் தின்றது. "என்ரை பாலாலேயோ, மிஸ்ஸி?"

எடையும் பிளேட்லெட்டும் குறைந்திருந்ததால் வயிற்றிலேயே தொற்றியிருக்கும் என்றே டொக்டர்மார் எண்ணினார்கள். அதைச் சொன்னால் "அப்ப வயித்திலை இருக்கேக்கை நான் என்ன பிழை விட்டனான்?" என்பார். பெரும்பாலான பெரியவர்களுக்கு இது காய்ச்சல்கூடக் காட்டாமல் வந்துபோகும், உங்களில் பிழையில்லை என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

வைரஸை அடக்க முதலில் கான்சைக்ளோவிர் ஊசி, அப்புறம் வால்கான்சைக்ளோவிர் பாணி மருந்து, மொத்தம் ஆறு மாதம். வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை. இந்த வைரஸ் செவிப்புலனைப் பிந்தியும் பறிக்கும். ஒரு தரம் காது சரி என்று வந்தாலும் விடமுடியாது.

சின்னப் பிள்ளைகளின் உமிழ்நீராலும் சலத்தாலும் இது தொற்றலாம் என்பதால், கர்ப்பிணிகளிடம் இப்போது நானே சொல்கிறேன்: மூத்த பிள்ளை மிச்சம் விட்ட சோற்றைச் சாப்பிடாதீர்கள், பம்பஸ் மாற்றினால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அந்தத் தாயிடம் மட்டும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அவருக்கும் மூன்று வயதில் ஒரு மகள்.

வயிறு வீங்கிய சிசு வந்தால் இன்று நான் முதலில் கேட்பது பிறந்த திகதியை. 21 நாள் தாண்டவில்லையென்றால் டொக்டரிடம் ஞாபகப்படுத்திவிட்டு, சலம் சேர்க்கும் பையை எடுத்து ஒட்டுகிறேன்.