தெரியாத வயலில் கிட்டி வைப்பதற்கு முன்

சென்ற சம்பாப் பருவத்தில் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் 12 மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். ஏறத்தாழ 4 ஏக்கர். எங்கள் சொந்த நிலம் பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. அங்கே எந்த வரப்பில் எந்த மாதம் எலி வளை தோண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அந்தத் தைரியத்தில், டிசம்பர் தொடக்கத்தில் பயிர் சூல்கட்டும் நேரம் பார்த்து, புது நிலத்தில் ஒரே மாலையில் 30 கிட்டிகளை, அதாவது எலி பிடிக்கும் மூங்கில் பொறிகளை, முறுக்கி வைத்துவிட்டு வீடு திரும்பினேன். மறுநாள் காலையில் இரண்டு எலிகள் கிடைத்தன. மீதி 28 கிட்டிகளும் வைத்தது வைத்தபடி, இரையாக வைத்த பொரிகூடக் குறையாமல் நின்றன.

அந்த ஊரில் கிட்டி வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெரியவர் இருக்கிறார். எலி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு வயல் வயலாகப் போவார். வாய்க்காலோரம் வரிசையாக நின்ற என் கிட்டிகளைப் பார்த்தவர், குனிந்து ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இது நண்டு வளை தம்பி. நண்டுக்கா பொரி வெச்சீங்க?" என்று கேட்டார். நண்டு வளையின் வாயில் ஈரச் சேறு சிறு உருண்டைகளாகச் சேர்ந்து, சில இடங்களில் சிறிய கூண்டு போலவே எழுந்திருக்கும். கரம்பை எலி தோண்டும் வளையின் வாயிலோ உதிரி மண் குவியலாகக் கிடக்கும். உள்ளே எலி இருந்தால் அந்த மண் புதிதாக, சற்று ஈரத்தோடு இருக்கும், பல நேரங்களில் வாயையும் அதே மண்ணால் அடைத்து வைத்திருக்கும். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. எங்கள் ஊரில் வாய்க்கால் கரைதான் எலிக்கு இடம், ஆகவே இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்ததுதான் தவறு.

அன்றே 30 கிட்டிகளையும் பிடுங்கிக் கட்டி வைத்துவிட்டு, இரண்டு நாள்கள் ஒன்றும் செய்யாமல் நிலத்தை மட்டும் நடந்து பார்த்தேன்.

முதலில் பார்த்தது, பயிர் எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்பதை. எலி வெட்டிய தூர், அரிவாளால் சாய்த்துச் சீவியது போல இருக்கும்; தண்டின் அடியிலிருந்து சில விரற்கடை உயரத்தில் வெட்டி, வெட்டியதை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். ஒரு பாத்தியில் வரப்பை ஒட்டிய இரண்டு மூன்று வரிசைகளை விட்டுவிட்டு நடுவில்தான் வெட்டியிருந்தது. எலி வயலின் ஓரத்தைத் தின்னாமல் நடுவுக்குப் போகும் பழக்கம் உள்ளது என்பதால், வரப்பில் நின்று பார்ப்பவனுக்குப் பயிர் முழுமையாக இருப்பதாகவே தோன்றும். உள்ளே இறங்கிப் பார்த்தால்தான் வட்டமாக மொட்டை விழுந்திருப்பது தெரியும். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து திரும்பி நடந்தால், பயிரின் அடியில் விரல் அகலத்துக்கு மேல் பதிந்த ஒரு தடம் வரப்பை நோக்கிப் போகும். அந்தத் தடம் வரப்பை எங்கே தொடுகிறதோ, அங்கேதான் கிட்டிக்கு இடம்.

இரண்டாவதாக, வளைகளை மூடிப் பார்த்தேன். மாலையில் கண்ணில் படும் துளைகளையெல்லாம் சேற்றால் அடைத்து, பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டுவிட்டு, விடிந்ததும் எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணுவது வேளாண்மைத் துறையினரும் சொல்லித்தரும் முறைதான். 60-க்கும் மேற்பட்ட துளைகளை அடைத்தேன். காலையில் திறந்திருந்தவை 19. அவற்றில் 14, நிலத்தின் கிழக்கு மூலையில் இருந்த தென்னைத் திடலைச் சுற்றியே இருந்தன. நவம்பர் மழையில் அந்தப் பகுதியின் தாழ்ந்த வயல்கள் எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றபோது, எலிகள் ஏறித் தப்பிக்க அந்த ஒரு மேடுதான் இருந்திருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகும் அவை குடியை மாற்றவில்லை. நிலத்தைச் செப்டம்பரில், வெயிலில், காய்ந்த நிலையில் பார்த்துக் குத்தகை பேசிய எனக்கு, எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்பதே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

இதற்கிடையில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருக்கும் என் அக்கா மகன் தொலைபேசியில் பேசினான். அங்கே நவம்பரில் நன்றி நவிலல் நாளை ஒட்டி ஒன்பது நாள்கள் துப்பாக்கியால் மான் வேட்டையாட உரிமம் தருகிறார்கள். உடன் வேலை பார்ப்பவருடைய உறவினரின் பண்ணையில், அதுவரை கால் வைத்திராத நிலத்தில், அவனும் போய்வந்திருக்கிறான். நம் பக்கம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மானைப் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரை சரணாலயத்துக்குப் போய் வெளிமானைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். ஆனால் அவன் சொன்ன ஏற்பாடுகளைக் கேட்டபோது எனக்கு என் வயல்தான் கண்முன் நின்றது. முதலில் செயற்கைக்கோள் படத்தில் மக்காச்சோள வயலும் சோயா வயலும் எங்கே, பகலில் மான் படுத்திருக்கும் மரக்கூட்டம் எங்கே என்று குறித்துக்கொண்டார்களாம். பிறகு நிலத்துக்குள் போகாமல், சாலையிலேயே நின்று, பொழுது சாயும் நேரத்தில் மான் எந்த வழியாக மேய்ச்சலுக்கு இறங்குகிறது என்று தொலைநோக்கியில் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மரக்கூட்டங்களும் நெருங்கி வரும் குறுகலான இடத்தில்தான் மரத்தில் பரண் கட்டியிருக்கிறார்கள். அதிலும் காற்று தங்களிடமிருந்து மான் வரும் பக்கம் வீசினால் அன்றைக்கு அந்தப் பரணில் ஏறுவதில்லையாம், மனித வாடை பட்டால் மான் திரும்பிவிடும் என்பதால். படுக்கும் இடத்தையும் தின்னும் இடத்தையும் தொந்தரவு செய்யாமல் இரண்டுக்கும் நடுவே காத்திருப்பது என்கிற கணக்கைக் கேட்டதும், திடலுக்கும் மொட்டை விழுந்த பாத்திக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒற்றை வரப்பு என் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் அந்த வரப்பில் 18 கிட்டிகள், மற்ற இடங்களில் திறந்திருந்த வளைகளை ஒட்டி 12 என்று பிரித்தேன். தஞ்சாவூர்க் கிட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: வளைத்துக் கட்டிய மூங்கில் வில், அதன் இழுப்பில் நிற்கும் கயிறு, அதைத் தடுத்து நிறுத்தும் சிறு குச்சி, குச்சியை ஒட்டி இரை, இவ்வளவுதான். எலி இரைக்காகத் தலையை நுழைத்துக் குச்சியை அசைத்தால் கயிறு கழுத்தை இறுக்கிவிடும். பெரியவர் சொன்னபடி முதல் இரவு கிட்டியை முறுக்காமல், வறுத்த அரிசியில் கொஞ்சம் கருவாட்டுத் தூள் கலந்து, இரையை மட்டும் வைத்தேன். புதிதாக ஒரு பொருள் வழியில் நின்றால் எலி ஒதுங்கிப் போகும். ஒரு முறை தின்று பார்த்த இடத்துக்கு மறுநாள் தானே வரும். இந்த ஒரு நாள் பொறுமை என் ஊரிலேயே எனக்கு இருந்ததில்லை.

அமாவாசைக்கு முந்தைய நாளாகப் பார்த்து முறுக்கினேன். நிலா வெளிச்சத்தில் எலி வெளியே நடமாடத் தயங்கும் என்பதால், நல்ல பௌர்ணமியில் கிட்டி வைப்பது கூலிக்குக் கேடு என்பார் பெரியவர். இரவு எட்டு மணிக்கு மோட்டார்க் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோதே திடல் பக்கமிருந்து சுள்ளி ஒடிவது போல ஓசை கேட்கத் தொடங்கியது. காலையில் 30-க்கு 17. அவற்றில் 15 அந்த ஒற்றை வரப்பில். இரண்டு கிட்டிகளை ஏதோ ஒன்று, கீரியாக இருக்க வேண்டும், எலியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கிட்டியையும் முளைக்குச்சியில் கட்டி, சிவப்புத் துணி ஒன்றையும் முடிந்து வைக்கிறேன். துணி இல்லாவிட்டால் விளைந்த பயிருக்குள் கிட்டியைத் தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். புது நிலத்தில் இறங்கும்போது அக்கம்பக்கத்து வயல்காரர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எலியைப் பற்றியதே அல்ல, யாராவது எலிக்கென்று கம்பி இழுத்து மின்சாரம் விட்டிருக்கிறார்களா என்பதுதான். சட்டத்துக்குப் புறம்பான இந்தக் கம்பியை மிதித்து விவசாயிகளே செத்துப்போன செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். எந்த வரப்பு யாருடையது என்று தெரியாத ஊரில், இருட்டில், ஈரக்காலோடு நடப்பவனுக்கு அந்தக் கேள்விக்கான பதில் தெரிந்திருக்க வேண்டும். நான் முதல் மாலை அதையும் கேட்கவில்லை.

ஐந்து இரவுகளில் 52 எலிகள் பிடிபட்டன. ஆறாம் இரவு மூன்றுதான். அப்போது அந்த வரப்பிலேயே தொடர்வதில் பயனில்லை என்று, கிட்டிகளை மேற்குப் பக்கத்து வைக்கோல் போரை நோக்கி மாற்றினேன். அறுவடைக்குப் பிறகு, உளுந்து முளைத்து நிற்கும்போது, திடலைச் சுற்றிய வரப்பைச் செதுக்கி அகலத்தைக் குறைத்துவிட்டேன். வரப்பு ஒடுங்கினால் எலிக்கு உள்ளே அறை கட்ட இடமிருக்காது. செதுக்கும்போது உடைந்த ஒரு வளைக்குள் இரண்டு கை கொள்ளும் அளவுக்குக் கதிர்கள் அடுக்கியிருந்தன. எல்லாம் நான் நட்ட சி.ஆர். 1009 ரக நெல்.

குத்தகை இந்த ஆண்டோடு முடிகிறது. அடுத்து எடுப்பவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர், அவருக்கும் இந்த நிலம் புதிது. நான் கையால் வரைந்து வைத்திருந்த வயல் படத்தை அவரிடம் கொடுத்தேன்; தென்னைத் திடலைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, வாய்க்கால் ஓரத்தில் 'நண்டு' என்று எழுதியிருக்கிறேன்.