புள்ளியியலா, கணினிசார் சமூகவியலா: ஒரு நிரலாளரின் தேர்வு

நிரல் எழுதிப் பழகியவர்கள் சமூகத் தரவுகளின் பக்கம் வரும்போது, சமூக நடத்தையைக் கணினி மாதிரிகளைக் கொண்டு ஆராயும் கணினிசார் சமூகவியலே அவர்களை முதலில் ஈர்க்கிறது. 1971-இல் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் முன்வைத்த குடியிருப்புப் பிரிவினை மாதிரியை, நெட்லோகோ என்ற உருவகப்படுத்தல் மென்பொருளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்கு அதன் காரணம் விளங்கும். கட்டம் கட்டமான களத்தில் இரு நிறப் புள்ளிகள் கலந்து கிடக்கின்றன. அண்டையில் இருப்போரில் 30 சதவீதம் பேர் தன் நிறத்தவராக இருந்தால் போதும் என்பதே ஒவ்வொரு புள்ளியின் விருப்பம். அதுவும் கிடைக்காவிட்டால் வேறிடம் போகிறது. சற்று நேரத்தில் நிறங்கள் தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்து, அண்டையில் இருப்போரில் சராசரியாக 70 சதவீதம் அளவுக்கு ஒரே நிறத்தவராகிவிடுகிறார்கள். யாரும் கேட்காத பிரிவினை எல்லாருடைய சிறிய விருப்பங்களிலிருந்தும் பிறப்பதை இத்தனை குறைந்த வரிகளில் காட்ட முடிவது உண்மையிலேயே பெரிய விஷயம்.

இருந்தாலும், எதை முதலில் படிப்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்குப் புள்ளியியலை முதலில் படியுங்கள் என்றே சொல்லிவருகிறேன். அதற்குக் காரணம் என் பணியிடத்தில் கண்டது. குப்பை, தெருவிளக்கு, குடிநீர் பற்றிய குறைகளைப் பதிவுசெய்யும் செயலி ஒன்றின் தரவு எங்கள் குழுவுக்கு வந்தது. புகார் செய்யும் பழக்கம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் பரவுகிறது என்பதற்கு வலைப்பின்னல் மாதிரி ஒன்றைக் கட்டித்தர வேண்டும் என்பது கோரிக்கை. ஒரு வார்டில் மட்டும் புகார்கள் மிக அதிகமாக இருந்தன. கைபேசி எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பகுதி ஒரே எண்ணிலிருந்து, இரவு நேரத்தில், அடுத்தடுத்துப் பதிவாகியிருந்தது தெரிந்தது. குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் ஒருவர் தெருவாசிகளின் குறைகளைத் தாளில் எழுதி வாங்கி, வீட்டுக்குப் போன பிறகு தாமே பதிவேற்றிவந்தார். பக்கத்து வார்டில் புகார் குறைவாக இருந்ததற்கு அங்கே எல்லா விளக்குகளும் எரிந்தன என்று பொருளல்ல. பதிவுசெய்துதர அப்படியொருவர் அங்கே இல்லை. நாங்கள் மாதிரியைக் கட்டியிருந்தால், ஒரு மனிதரின் அக்கறையை அது சமூகப் பரவல் என்று காட்டியிருக்கும்.

தரவு யாரிடமிருந்து வந்தது, யாரை விட்டுவிட்டு வந்தது என்று கேட்கப் பழக்குவது, ஒரு பகுதியை மட்டும் எடுத்து முழுமையை மதிப்பிடுவது பற்றிய கூறெடுப்புக் கோட்பாடுதான். 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் பயிர்க் கணக்கெடுப்பில் ஒரே பகுதியில் வெவ்வேறு குழுக்களைத் தனித்தனிக் கூறுகள் எடுக்கச் செய்து, அவற்றின் மதிப்பீடுகளை ஒப்பிட்டார். கணக்கெடுக்கும் மனிதரால் நேரும் பிழையும் அப்போது அளவிடக் கூடியதாயிற்று. கணினி இல்லாத காலத்து அந்த எச்சரிக்கை இன்றைய செயலித் தரவுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் இடத்தில், ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகக் கருதி, ஒரு காரணி மாறினால் விளைவு எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் வழக்கமான பின்னடைவுப் பகுப்பாய்வு போதாது என்பதை மறுக்கவில்லை. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட இணைய இசைச் சோதனை இதை அழகாகக் காட்டியது: 14,000-க்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனி 'உலகங்களாக'ப் பிரித்து, முன்பு எத்தனை பேர் ஒரு பாடலைப் பதிவிறக்கினர் என்பதைக் காணச் செய்தபோது, உலகத்துக்கு உலகம் வேறு பாடல்கள் முன்னுக்கு வந்தன. ஆனால் அந்த முடிவை நாம் நம்புவதற்குக் காரணம், யார் எந்த உலகத்துக்குப் போவது என்பதைக் குலுக்கல் போன்ற தற்செயல் ஒதுக்கீடு தீர்மானித்ததுதான். அது பழைய புள்ளியியலின் கொடை. ஆகவே எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு, ஏற்கெனவே எடுத்த ஒரு கணக்கெடுப்பின் வினாப்பட்டியலையும் விடுபட்ட பதில்களையும் முதலில் கொடுக்கிறேன். நெட்லோகோ அதற்குப் பிறகு.