பார் மேல் விரித்த நாடா

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 சிறு தீவுகள். அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே பவளப்பாறைக் கணக்கெடுப்புக் குழுவில் சேர்ந்தபோது, தினமும் ஆமையும் கடல் குதிரையும் பார்க்கப்போகிறேன் என்ற ஆசையோடுதான் போனேன். கையில் கொடுத்தது 20 மீட்டர் அளவு நாடா.

பவளப்பாறையின் மேல் நாடாவை விரித்துக் கட்டி, அதற்கு அடியில் இருப்பதையெல்லாம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எழுதிக்கொண்டே நீந்த வேண்டும். உயிருள்ள பவளமா, செத்ததா, பாசியா, மணலா? எழுத ஒரு பிளாஸ்டிக் பலகையும் பென்சிலும். சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி நாடா. முதல் வருடம் இதில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டாம் வருடம், போன முறை கையளவு இருந்த பவளம் இப்போது ஒரு விரல்கடை கூடியிருப்பதைப் பார்த்தபோது, தண்ணீருக்குள்ளேயே சத்தம் போட்டுவிட்டேன்.

பவளப்பாறையைப் 'பார்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் படகோட்டி அண்ணன். எந்தப் பார் எங்கே முடிகிறது என்று அவர் கரையில் தெரியும் பனைகளை வைத்தே சொல்வார். நீரோட்டத்துக்கு அவர் சொல் நீவாடு. "நீவாடு இழுக்குது தம்பி, ஏறுங்க" என்றால் உடனே ஏறிவிட வேண்டும். அவர் சின்ன வயதில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக் கல்லைப் படகு படகாக வெட்டி எடுத்ததைப் பார்த்தவர். பார் குறைந்தால் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குள். தேய்ந்துகொண்டே வந்த வான் தீவுக்கு முன்னால் செயற்கைப் பார்களை இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

2016 கோடையை நான் மறக்கப்போவதில்லை. பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்கு நிறமும் பெரும்பகுதி உணவும் அவை தருபவைதான். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அவற்றை வெளியேற்றிவிடும், வெறும் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். அன்று என்னோடு புதிதாக இறங்கிய பையன் மேலே வந்து, "எவ்வளவு அழகா இருக்கு அண்ணே!" என்றான். ஆமாம், அழகாகத்தான் இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் போனபோது உருண்டைப் பவளங்கள் பலவற்றில் நிறம் திரும்பியிருந்தது. மான்கொம்பு போலக் கிளைவிடும் வகைகளில் பல பாசி மூடிக் கிடந்தன.

பிறகு எனக்கு நடவுப் பணியும் கிடைத்தது. ஆரோக்கியமான பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டுகளை எடுத்து, சிமெண்ட் பலகையில் கட்டி, சட்டங்களில் அடுக்கிக் கடலடியில் வைக்க வேண்டும். துண்டு தளத்தைப் பிடித்துக்கொண்டு கிளைவிடத் தொடங்கியதும் சின்ன மீன்கள் வந்துவிடும். ஒருநாள் பக்கத்தில் கறுக் கறுக்கென்று சத்தம். கிளிமீன் ஒன்று பாறையைக் கடித்துப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பாசி ஏறாமல் பாரைச் சுத்தமாக வைப்பதில் அதன் பங்கு பெரிது. சக ஊழியர் என்றுதான் அதை நினைத்துக்கொள்வேன்.

ஆவுளியாவை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். கடற்புல் மேய்ந்து வாழும் கடல் பசு அது. முதலில் தெரிந்தது அதன் தடம்தான்: புல்வெளியில் உழுத சால் போல வளைந்து போன வெற்றுக் கோடு. சற்று நேரத்தில் மூச்சுவிட ஒரு பழுப்பு முதுகு மேலே வந்து, மறைந்தது. வடக்கே பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. வலையில் மாட்டிய ஆவுளியாவை, வலையை அறுத்து விடுவித்த மீனவர்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள். வலை ஒரு குடும்பத்தின் பிழைப்பு என்பது தெரிந்தவர்களுக்குத்தான் அதன் கனம் புரியும்.

போன வாரம், முன்பு நான் பவளம் நட்ட சட்டம் ஒன்றைப் பார்க்கப் போனேன். கட்டிய கயிறு தெரியவில்லை, பவளம் அதை மூடி வளர்ந்துவிட்டது. மேலே ஏறியதும் அண்ணன் கேட்டார், "பிடிச்சிருச்சா தம்பி?"

"பிடிச்சிருச்சு அண்ணே."

அவர் நங்கூரத்தை எடுத்து, அடுத்த பாருக்குப் படகைத் திருப்பினார்.