மூணு தடவ நெகட்டிவ்னு வந்தும் நான் நம்பல

இத எழுதலாமா வேணாமான்னு ஆறு மாசமா யோசிச்சிட்டு இருந்தேன். என் வொய்ஃப் கிட்ட கேட்டப்ப "பேரு போடாம எழுதுங்க, யாராச்சும் ராத்திரி தூங்காம தேடிட்டு இருப்பாங்க"ன்னா. அவ சொன்னது சரிதான், நானும் அப்படித்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு போர்வைக்குள்ள போன் வெளிச்சத்த கம்மி பண்ணி வச்சுகிட்டு ஹெர்பிஸ் டெஸ்ட் நெகட்டிவ் ஆனா புண்ணு திரும்ப திரும்ப வருதுன்னு தேடிட்டு இருந்தவன், ரெண்டு வருஷத்துக்கும் மேல. ஹெர்பிஸ்னா உடலுறவு மூலமா பரவி அந்தரங்க எடத்துல புண்ணு வர வைக்கிற வைரஸ்.

எனக்கு சேல்ஸ் வேலை, போர்வெல் மோட்டார், பைப். மாசத்துல பத்து பன்னெண்டு நாள் வெளியூர். 2021 ஆகஸ்ட்ல திண்டிவனத்துல ஒரு லாட்ஜ்ல தங்கியிருந்தேன், ராத்திரி ஆணுறுப்பு நுனியில ஒரு எரிச்சல், மிளகாய் கைய வச்ச மாதிரி. காலைல பாத்தா பட்டாணி அளவுக்கு வட்டமா செவந்து இருக்கு, மறுநாள் அதுல நீர் கோத்து, அதுக்கு அடுத்த நாள் தோல் உரிஞ்சு பச்சைப் புண்ணு. பேன்ட் உரசினா கண்ணுல தண்ணி வந்துடும்.

ஊருக்கு வந்து ஒரு டாக்டர பாத்தேன். அவரு புண்ண பாக்கவே இல்ல, டேபிளுக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டே "வெளிய எங்கயாச்சும் போயிருக்கியா?"ன்னு கேட்டாரு. கல்யாணத்துக்கு முன்னாடி 2019ல ஒரே ஒரு தடவ ஒரு தப்பு பண்ணிருக்கேன், தலையாட்டினேன். அவ்ளோதான், ஹெர்பிஸ்னு சொல்லி வைரஸ அடக்குற அசைக்ளோவிர் மாத்திரை 400 மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூணு வேளைன்னு எழுதி ரத்த டெஸ்டுக்கும் எழுதிட்டாரு. பத்து நாள்ல புண்ணு ஆறிடுச்சு. மருந்து கேட்டுச்சு, அப்ப ஹெர்பிஸ்தான்னு நானே முடிவு பண்ணிட்டேன். இங்கதான் நான் மொத தப்பு பண்ணேன், ஏன்னா தானா பத்து நாள்ல ஆறுற புண்ணுக்கு நீங்க எத போட்டாலும் அது கேட்ட மாதிரிதான் தெரியும்.

ஐஜிஎம், ஐஜிஜி ரெண்டும் வைரஸ எதிர்த்து உடம்பு உருவாக்குற ஆன்டிபாடி வகைங்க. ரிப்போர்ட்டுல ஐஜிஎம் பார்டர்லைன், ஐஜிஜி நெகட்டிவ். படிச்சு பாத்தப்ப ஐஜிஎம் டெஸ்ட நம்பவே கூடாதுன்னு தெரிஞ்சுது, அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையம் சி.டி.சி. அத எடுக்க வேணாம்னே சொல்றாங்க, புதுசா வந்ததா பழசான்னும் அது சொல்லாது, வேற வைரஸுக்கும் லேசா பாசிட்டிவ் காட்டும். ஐஜிஜி அப்படி இல்ல, ஆனா உடம்புல ஆன்டிபாடி உருவாக வாரக்கணக்குல ஆகும், சிலருக்கு மூணு மாசம் கூட. சரின்னு மூணு மாசம் கழிச்சு ஹெச்.எஸ்.வி.ங்கிற ஹெர்பிஸ் வைரஸோட ஒண்ணாவது, ரெண்டாவது டைப்புக்கு தனித்தனியா ஐஜிஜி எடுத்தேன். ரெண்டுமே நெகட்டிவ், ரெண்டாவது டைப் 0.2 தான், 0.9க்கு கீழ இருந்தாலே நெகட்டிவ். 2022 கடைசில இன்னொரு தடவ, வேற லேப்ல. அதுவும் நெகட்டிவ்.

ஆனா புண்ணு நிக்கல. விழுப்புரம், ராமநாதபுரம், தர்மபுரின்னு எங்கயாச்சும் போயிட்டு வந்தா வரும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, சில சமயம் மூணு மாசம். ஒவ்வொரு தடவையும் அதே எரிச்சல், அதே வட்டம்.

அப்ப நான் என்ன பண்ணேன்னா, நெகட்டிவ் ரிப்போர்ட் எப்படியெல்லாம் தப்பாகலாம்னு ஒவ்வொண்ணா சேத்து வச்சேன். ஹெச்.எஸ்.வி. ஒண்ணாவது டைப்புக்கான சில ஐஜிஜி டெஸ்ட் நெஜமான கேஸையே நிறைய விட்டுடும், அது உண்மை. சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல வெஸ்டர்ன் பிளாட்னு ஒரு டெஸ்ட் அப்ப பண்ணிட்டு இருந்தாங்க, அதுதான் கடைசி தீர்ப்புன்னு சொன்னாங்க, இங்கேருந்து ரத்தம் அனுப்ப முடியுமான்னு கூட விசாரிச்சேன். புண்ணுலேருந்து பஞ்சுக்குச்சில எடுத்து வைரஸோட மரபணுவத் தேடுற பிசிஆர் டெஸ்ட் ஒண்ணு பண்ணேன், ஆனா ஆறாவது நாள், புண்ணு காய ஆரம்பிச்சப்புறம், அசைக்ளோவிரும் போட்டாச்சு. நெகட்டிவ். லேட்டா எடுத்தா வைரஸ் சிக்காதுன்னு படிச்சிருந்ததால அதையும் ஒதுக்கினேன். அடுத்த தடவ ரெண்டாவது நாளே, மாத்திரை எதுவும் போடாம, நீர் கோத்திருக்கும்போதே ஓடிப்போய் எடுத்தேன். அதுவும் நெகட்டிவ், அதையும் நான் நம்பல.

ஏன் நம்பலன்னு இப்ப யோசிச்சா காரணம் டெஸ்ட்ல இல்ல. 2019ல பண்ணதுக்கு ஏதோ ஒரு தண்டனை வரணும்னு உள்ளுக்குள்ள எதிர்பாத்துட்டே இருந்திருக்கேன். புண்ணு வந்ததும் "இதோ வந்துடுச்சு"ன்னு மனசு புடிச்சுகிச்சு, அப்புறம் லேப்காரன் எத்தன பேப்பர் நீட்டினாலும் அத விடல. எனக்கு ஒண்ணும் இல்லன்னு யாராச்சும் சொன்னா அவங்க சரியா பாக்கலன்னுதான் தோணும்.

இதுக்கு நடுவுல என் வொய்ஃப். மொதல்ல சொல்லாம மறைச்சேன், முதுகு வலி, அலைச்சல், தூக்கம்னு ஏதாச்சும் சொல்லிட்டு பாய விரிச்சு கீழ படுத்துடுவேன். ஒரு நாள் அவ லைட்ட அணைச்சிட்டு மெதுவா "ஏங்க, வெளியூர் போயிட்டு வந்தா மட்டும் தள்ளி படுக்குறீங்க"ன்னு கேட்டா, குரல்ல கோவம் இல்ல, அதுதான் தாங்க முடியல. அன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன், 2019 உட்பட. நாலு நாள் பேசல. அஞ்சாவது நாள் "நானும் டெஸ்ட் எடுத்துக்குறேன்"னா. லேப்ல ரத்தம் எடுத்துட்டு, முழங்கைய மடக்கி பஞ்ச அழுத்திப் புடிச்சுகிட்டு, எதிர் சுவத்துல மாட்டியிருந்த காலண்டரையே பாத்துட்டு இருந்தா, என் பக்கம் திரும்பல. அவளோடதும் நெகட்டிவ். அதப் பாத்தும் எனக்கு நிம்மதி வரல, இவளுக்கு இன்னும் மூணு மாசம் ஆகலியேன்னு கணக்கு போட்டேன்.

எங்க அம்மாவுக்கு விஷயம் தெரியாது, தெரிஞ்சிருந்தா அக்கின்னு சொல்லி குயவர் வீட்டுக்கு கூட்டிட்டுப் போய் காவி கரைச்சு எழுத வச்சிருப்பாங்க. நெட்லயும் ஹெர்பிஸ்னு போட்டா தமிழ்ல அக்கின்னுதான் வருது. அக்கி வேற, அது சின்னம்மை வைரஸ் நரம்புல தங்கி திரும்ப கெளம்புறது. ரெண்டுக்கும் அசைக்ளோவிர் குடுக்குறதால நிறைய பேரு ஒண்ணாக்கிடுறாங்க.

2023 நவம்பர்ல ஒரு சொந்தக்காரர் வற்புறுத்தி ஒரு அரசு ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.க்கு போனேன். வயசான லேடி டாக்டர். என் ஃபைல நீட்டினேன், ரெண்டு இன்ச் கனம் இருக்கும், அவங்க அத ஓரமா வச்சிட்டு "அப்புறம் பாக்கலாம் தம்பி, மொதல்ல புண்ணு வந்த இடத்த காட்டு"ன்னாங்க. அன்னிக்கு புண்ணு இல்ல மேடம், ஆறிடுச்சுன்னேன். "பரவால்ல, காட்டு." ஸ்கிரீனுக்கு பின்னாடி போய் லைட்ட கிட்ட இழுத்து நல்லா குனிஞ்சு பாத்தாங்க. அதுவரைக்கும் பாத்த டாக்டர்ல ஒருத்தர் கூட அவ்ளோ கிட்ட வந்து பாக்கல.

"இந்த கருப்பு எத்தன நாளா இருக்கு?"

அப்பதான் எனக்கே அது ஒரு விஷயம்னு தோணுச்சு. புண்ணு வர்ற அதே எடத்துல சாம்பலும் காப்பிக்கொட்டை கலரும் கலந்த மாதிரி ஒரு வட்டம், நான் அத தழும்புன்னு நெனச்சு விட்டிருந்தேன், ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கருத்துட்டே வந்திருக்கு.

"எப்பவும் இதே எடம்தானா? கொஞ்சம் கூட தள்ளி வரலியா?"

இல்ல மேடம்.

"ஹெர்பிஸ்னா சின்னச் சின்ன கொப்புளமா கொத்தா வரும், ஒரு தடவ இங்க, ஒரு தடவ கொஞ்சம் தள்ளி, ஆறினா பெரும்பாலும் அடையாளமே இருக்காது. சரி, புண்ணு வந்த அன்னிக்கு, இல்ல அதுக்கு முந்தின நாள், என்ன மாத்திரை போட்ட?"

மாத்திரை எதுவும் போடல மேடம்னு சொல்லிட்டேன், பொய் இல்ல, நெஜமாவே அப்படித்தான் நெனச்சேன். அவங்க விடல. தலைவலிக்கு? காய்ச்சலுக்கு? வயித்துக்கு? போன்ல நான் ஒரு நோட்ஸ் வச்சிருந்தேன், புண்ணு எப்ப வந்துச்சு, எந்த ஊரு, என்ன சாப்பிட்டேன், தூங்கினேனா, டென்ஷனா, எல்லாம் இருக்கும். அத எடுத்து படிச்சேன். திண்டிவனம், பரோட்டா, வயிறு சரியில்ல. பரமக்குடி, வயிறு. அரூர், ராத்திரி நாலு தடவ போச்சு. ஒம்போது தடவைல ஏழு தடவை வயிறுன்னு நானே எழுதி வச்சிருக்கேன். படிக்கும்போதே எனக்கு கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு.

பேக் சைடு ஜிப்ல எப்பவும் ஒரு அட்டை இருக்கும். வயித்துப்போக்குக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டா சீட்டு இல்லாம எடுத்து குடுப்பாங்களே, நார்ஃப்ளாக்சாசினும் டினிடசோலும் சேந்த மாத்திரை, அதான். காலேஜ் காலத்துலேருந்து போடுறேன், ஒண்ணும் ஆனதில்ல, அதனாலேயே அத மருந்துன்னு கூட கணக்குல எடுத்துக்கல.

என் புண்ணுக்கு மேடம் சொன்ன பேரு ஃபிக்ஸ்டு டிரக் எரப்ஷன். ஒரு மருந்து ஒத்துக்காம போச்சுன்னா சிலருக்கு உடம்பு பூரா வராம ஒரே எடத்துல வட்டமா வரும், நம்ம எதிர்ப்பு சக்தியோட டி செல்கள் அந்த எடத்துத் தோல்லயே தங்கிடும், அடுத்த தடவ அதே மருந்து உள்ள போனா சில மணி நேரத்துல, சில சமயம் அர மணி நேரத்துலயே, அந்த எடத்த மட்டும் தாக்கும். செவக்கும், எரியும், நீர் கோக்கும், ஆறும்போது கருப்ப விட்டுட்டுப் போகும். உதடும் ஆணுறுப்பு நுனியும் அதுக்கு ரொம்ப வாகான எடம். வருஷக்கணக்கா ஒத்துகிட்ட மருந்து கூட திடீர்னு ஒரு நாள் இப்படி மாறலாமாம். கோட்ரைமாக்சசோல், டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல், வலி மாத்திரைங்க, சிலருக்கு பாரசிட்டமால் கூட இப்படி பண்ணுமாம். ஹெர்பிஸ்னு எழுதி அனுப்பி இதே ஓ.பி.க்கு வந்தவங்க நிறைய பேர பாத்துட்டேன்னு சொன்னாங்க.

அப்புறம்தான் என் ஃபைல தொறந்தாங்க. ஒவ்வொரு ரிப்போர்ட்டா பொரட்டிட்டு "எல்லாம் சரியாத்தானே இருக்கு"ன்னாங்க. ரெண்டு வருஷமா நான் சண்ட போட்டுட்டு இருந்த பேப்பருங்க.

ஒரு விஷயம் கண்டிப்பா சொன்னாங்க, நிச்சயமா அதுதானான்னு பாக்க வீட்ல அந்த மாத்திரைய முழுங்கி டெஸ்ட் பண்ணாதே, சிலருக்கு உடம்பு முழுக்க கொப்புளமா வந்து பெரிய ஆபத்தாயிடும், தேவைன்னா ஆஸ்பத்திரியில வச்சு பாக்கலாம். எனக்கு அது தேவைப்படல. மாத்திரைய நிறுத்தினதுக்கு அப்புறம் இன்னி வரைக்கும் 14 மாசம் ஆச்சு, நடுவுல மூணு தடவ வயிறு கெட்டும் ஓ.ஆர்.எஸ்.லயே சமாளிச்சேன், புண்ணு வரல. அந்த வட்டம் கூட இப்ப வெளிறிட்டு வருது.

இத படிச்சிட்டு எல்லாருக்கும் மாத்திரைதான் காரணம்னு எடுத்துக்க வேணாம். நெகட்டிவ் வந்தும் நெஜமாவே ஹெர்பிஸ் இருக்குறவங்க இருக்காங்க. ஆறின புண்ணுல எடுத்த பிசிஆர், ஒரு மாசத்துலயே எடுத்த ஐஜிஜி, இதையெல்லாம் வச்சு இல்லன்னு முடிவு பண்ண முடியாது. புதுசா கெளம்பினதும் ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள, அசைக்ளோவிர் போடுறதுக்கு முன்னாடி, நீர் கோத்த எடத்துலேருந்து பிசிஆர் எடுக்க சொல்லுங்க, ஐஜிஜி மூணு மாசம் தாண்டி எடுங்க. இது ரெண்டுமே திரும்ப திரும்ப நெகட்டிவ்னா அப்ப கேக்க வேண்டிய கேள்வி "டெஸ்ட் தப்பா?" இல்ல, "வேற என்னவா இருக்கும்?"ங்கிறதுதான். சுகர் இருக்குறவங்களுக்கு பூஞ்சை இப்படி படுத்தும், சோப்பு, கிரீம், ஆணுறை ரப்பர் அலர்ஜி இருக்கு, வாயிலயும் அடிக்கடி புண்ணு வந்தா அது வேற நோயா இருக்கலாம், சிஃபிலிஸ் இருக்கலாம். சிஃபிலிஸ், ஹெச்.ஐ.வி. டெஸ்ட் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல காசில்லாமலே எடுக்கலாம், போய் கேக்க கூச்சமா இருந்தா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு ஃபோன் பண்ணி மொதல்ல பேசுங்க.

ஒரு வேள ஹெர்பிஸ்தான்னு உறுதியாச்சுன்னா அதுக்காக ஒடிஞ்சு போகாதீங்க. டபிள்யூ.ஹெச்.ஓ. கணக்குப்படி 15லேருந்து 49 வயசுக்குள்ள ரெண்டாவது டைப் இருக்குறவங்க மட்டும் உலகத்துல 52 கோடி பேரு, முக்காவாசி பேருக்கு இருக்குறதே தெரியாது. அடிக்கடி வந்தா தினமும் மாத்திரை போட்டு கொறைக்கலாம், கூட இருக்குறவங்களுக்கு பரவுறதையும் கொறைக்கலாம். அது ஒரு வைரஸ், நீங்க பண்ண எதுக்கும் யாரும் அனுப்பின தண்டனை இல்ல. இத எனக்கு யாராச்சும் 2021லயே சொல்லியிருந்தா நான் அந்த ரிப்போர்ட்டுங்கள வேற கண்ணால பாத்திருப்பேன்.

ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கு சாயங்காலம் என் வொய்ஃப் ஒரு விசிட்டிங் கார்டு பின்னாடி அந்த ரெண்டு மருந்து பேரையும், அதே வகையில மேடம் தவிர்க்கச் சொன்ன மத்த பேரையும் அவ கையெழுத்துல எழுதி, மேல செலோ டேப் ஒட்டி, என் பர்ஸ்ல ஏடிஎம் கார்டுக்கு பின்னாடி வச்சா. போன மாசம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல வயிறு கலக்கிடுச்சு, மெடிக்கல் ஷாப் அண்ணன் கேக்குறதுக்கு முன்னாடியே ஒரு அட்டைய வெட்டி நீட்டினாரு. வாங்கி பின்பக்கத்த திருப்பி போன் டார்ச் அடிச்சு அந்த பொடி எழுத்த படிச்சேன், கார்டையும் எடுத்து பக்கத்துல வச்சு பாத்தேன், திருப்பி குடுத்துட்டு ரெண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். வாங்கிகிட்டேன். திருச்சி பஸ்ல ஏறி உக்காந்ததும் அவளுக்கு ஃபோன் போட்டு வயிறு சரியில்லன்னேன்.

"கார்ட பாத்தீங்களா?"

பாத்தேன்மான்னேன்.

"சரி, மெதுவா வாங்க, ரசம் வைக்கிறேன்."